மூன்று வெளிச்சவீடும் ஒரு கூடை சாளையும்

மதினி,

இன்றைக்கும் மழை விடவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் நுழைந்ததுமே நனைந்த படங்குச் சாக்கு வாடை குப்பென்று அடித்தது. பச்சைக் கொழுந்தும் சேறும் வேர்வையும் சேர்ந்த அந்த வாடை உங்களுக்குத் தெரியும். எத்தனை வருஷம் நாம் இருவரும் அதற்குள்ளேயே நின்று கால் மாற்றியிருக்கிறோம். என் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். கணக்கப்பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மழைக் கொழுந்து. தண்ணிக்குக் கழிச்சிருக்கேன்" என்றார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அது உங்களைத் தேடி வந்த பார்வை, மதினி. நீங்கள் இல்லாததால் என் மேல் வந்து நின்றது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கங்க இருக்கு தண்ணி? காட்டுங்க, குடிச்சிட்டுப் போறேன்" என்று உங்கள் வசனத்தையே எடுத்து விட்டேன். நீங்கள் சொல்லும்போது மடுவமே சிரிக்கும், கணக்கப்பிள்ளையும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கிலோவையாவது திருப்பித் தருவார். நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பாதியில் என் குரல் உடைந்துவிட்டது. அவர் கழித்தது கழித்ததுதான்.

வீட்டுக்கு வந்து உலையை வைத்தேன். இருப்புக் கொள்ளவில்லை. நேற்றிலிருந்தே இப்படித்தான். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று மறந்துபோகிறது. அரிசியைக் களைந்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், பக்கத்து வீடான உங்கள் காம்பராவை எட்டிப் பார்க்கிறேன், மறுபடி அடுப்படிக்குப் போகிறேன். எல்லாம் உங்கள் வீட்டுக்காரரால், அதாவது என் அருமை அண்ணனால். அவர் என்ன செய்யப் போகிறார் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த ட்ரிப்பிலிருந்து தொடங்கினால்தான் அதைச் சொல்ல முடியும்.

நம் தோட்டத்து ட்ரிப் எங்கே போகும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் கதிர்காமம், மறு வருஷம் முன்னேஸ்வரம். திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த கையோடு கோயில் கமிட்டி கூடும். தலைவர் எங்கே போகலாம் என்று கேட்பார், எல்லோரும் கதிர்காமம் என்பார்கள், பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்த வருஷம் நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"சாமியெல்லாம் பாத்தாச்சு. கடலோரம் பழைய மீன்பிடி ஊருங்க இருக்கு. பேருவளை, காலி, தெவிநுவர. அந்தக் காலத்துல கப்பல் வந்து எறங்குன எடம். புள்ளைங்களுக்குப் பாடத்துலயும் வருது. விடியக் கெளம்புனா ஒரே நாள்ல போய்ட்டு வந்துறலாம்."

கூட்டம் சிரித்தது. "மீன்காரன் ஊருக்கு யாராச்சும் ட்ரிப் போவாங்களா? மீன்தான் வாராவாரம் நம்ம வாசலுக்கு ட்ரிப் வருதே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நீங்கள் உட்காரவில்லை. அரபுக்காரர் வந்த கதை, ஒல்லாந்தர் கோட்டை கட்டிய கதை என்று எங்கோ கேட்டதையெல்லாம் அடுக்கினீர்கள். படிப்பு என்ற வார்த்தையைக் கேட்டால் நம் தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சரி என்று சொல்லிவிட்டார்.

சரித்திரத்தின் மேல் உங்களுக்கு இப்படி ஒரு பாசம் இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் பீலிக்கரையில் குடம் பிடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"என்ன மதினி, திடீர்னு சரித்திரம் பொங்குது?"

"வாய மூடிக்கிட்டுத் தண்ணியப் புடி புள்ள" என்றீர்கள். குடம் நிறைந்து வழிந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "அந்த மூணு ஊர்லயும் வெளிச்சவீடு இருக்கு."

அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுகந்தியைத் தேடித்தான் இந்த ட்ரிப் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் மகளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மடுவம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உங்கள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நிற்பாள். நீங்கள் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கும்போது அவளுடைய உதடும் சேர்ந்து அசையும். வளர்ந்து அவளும் கொழுந்துக்கு வந்த பிறகு உங்களை விட அவள் வாய்க்குத்தான் அவர் அதிகம் பயந்தார். அப்படிப்பட்டவள், மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டி கட்டிக்கொண்டு "மாளு, மாளு" என்று கூவி வந்த அந்தச் சிங்களப் பையனிடம் மட்டும் பேரம் பேசாமல் மீன் வாங்கினாள். நாம் அப்போதே யோசித்திருக்க வேண்டும். தன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் வெளிச்சவீடு தெரியும் என்று அவன் ஒருநாள் அவளிடம் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு காலையில் சுகந்தி கொழுந்து பறிக்க மலைக்கு வரவில்லை. அவனும் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் மீன் கொண்டுவரவில்லை.

அண்ணன் வாசல் இஸ்தோப்பில் நின்று, லயத்து வரிசை வீடெல்லாம் கேட்க, "இனி இந்த இஸ்தோப்புல அவ கால் படக்கூடாது" என்றார். வாயில் எண்ணி நாலு வார்த்தை வைத்திருக்கிற மனுஷன் அதையெல்லாம் சேர்த்து அன்றைக்குச் செலவழித்துவிட்டார். சில மாதம் கழித்து அவள் போன் பண்ணினாள். அண்ணன் பக்கத்தில் நின்றார். நீங்கள் அடுப்பை ஊதிக்கொண்டே, "எனக்கு மகளே பொறக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். நீயும் அப்பிடியே நெனச்சுக்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அவருக்குக் கேட்கட்டும் என்று சொன்னீர்களா, மனசாரச் சொன்னீர்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் நீங்களே அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தீர்கள். அது வேலை செய்யவில்லை.

ட்ரிப் அன்றைக்கு இருட்டோடு பஸ் கிளம்பியது. எந்த ட்ரிப்புக்கும் வராத அண்ணன் எல்லோருக்கும் முன்னால் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இவர் இருக்கும்போது எப்படித் தேடுவது என்ற எரிச்சல்தான் வந்தது. பஸ்ஸின் கடைசிப் பின் சீட்டில் தப்பு அடித்து ஆட்டம் தொடங்கியது. கலவான தாண்டி மத்துகம வரும்வரை நீங்கள் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. மடியில் இருந்த பையைத் திறப்பீர்கள், மூடுவீர்கள். உள்ளே தோட்டத்தில் கொடுத்த தேயிலைத் தூள் பொட்டலங்கள், ஒரு துணிப்பை நிறைய.

பேருவளையில் கடல் முனையில் வெள்ளைப் பள்ளிவாசல், கீழே படகுத்துறை, தள்ளி ஒரு தீவில் வெளிச்சவீடு. தலைவர் மைக்கைப் பிடித்து அரபுக் கப்பல்களைக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். நாம் நழுவினோம். கயிறும் கருவாடும் விற்கிற ஒரு கடையில் வயசான முஸ்லிம் ஐயா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எனத்த மகள் தேடுற?" என்றார்.

"எங்க சொந்தக்காரப் புள்ள ஒன்னுங்க. சிங்களக் குடும்பத்துல வாக்கப்பட்டிருக்கு. வீட்டு ஜன்னல்ல வெளிச்சவீடு தெரியுமாம்" என்றீர்கள்.

அவர் சிரித்துவிட்டார். "அது நடுக் கடல்ல ஈக்கிது மகள். இந்தக் கரையில எல்லாட ஜன்னல்லயும் தெரியும்." ஆனாலும் மனுஷன் கடையைப் போட்டுவிட்டு எழுந்து போய், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்து வந்து தலையை ஆட்டினார். நமக்குப் பிளேன்டீ கொடுத்தார். அதைக் குடித்த உங்கள் முகம் போன போக்கு! "இதப் போட்டுக் குடிங்கையா, நாங்க பறிச்சது" என்று ஒரு பொட்டலத் தூளை மேசையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள். மகளைத் தேடி அலைகிற நேரத்திலும் உங்களால் சாயம் இல்லாத தேத்தண்ணியைப் பொறுக்க முடியவில்லை.

காலியில் உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. வெளிச்சவீடு கோட்டைக்குள்ளே நின்றது. சுற்றிலும் வெள்ளைக்காரர்களும் ஹோட்டல்களும் தொப்பிக் கடைகளும். "இந்த ஜன்னல்லயா மீன் பெட்டிக்காரன் படுத்துக் கெடப்பான்?" என்று என்னிடம் சீறினீர்கள், கோட்டையைக் கட்டியது நான் என்பதுபோல. பிள்ளைகள் மதில் மேல் ஓடினார்கள். எல்லோரும் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். நீங்கள் பிரித்தீர்கள், ஒரு வாய் வைத்தீர்கள், மறுபடி மடித்தீர்கள். இங்கேயே கடலில் குளிப்போம் என்று பெண்கள் கேட்டபோது, "குளிக்கிறது அங்க போய்க் குளிக்கலாம், ஏறுங்க, ஏறுங்க" என்று ஆட்டுக்குட்டிகளைப் பட்டியில் அடைப்பதுபோல பஸ்ஸில் ஏற்றினீர்கள். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் பீடி பிடித்தார்.

தெவிநுவர வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. உயரமான வெள்ளை வெளிச்சவீடு. அதற்கு அந்தப் பக்கம் கடல் மட்டும்தான். ஒரு காலத்தில் இங்கே பெரிய துறைமுகமும் பொன் வேய்ந்த கோயிலும் இருந்ததாம், தலைவர் மைக்கில் சொன்னார். "இதுக்கு அங்கிட்டு நாடே கெடையாது. தண்ணிதான்."

"அப்ப இங்க இல்லன்னா எங்கயுமே இல்ல" என்று என் காதருகில் சொன்னீர்கள்.

சந்து சந்தாக நடந்தோம். உங்களுக்குத்தான் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாயிற்றே, கிணற்றடியில் நின்ற பெண்களிடம் கேட்டீர்கள், படகுக்கு வண்ணம் அடித்தவரிடம் கேட்டீர்கள். ரத்தினபுரிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, சுகந்தி என்று பெயர் என்றீர்கள். அப்படி ஒரு பெயரை யாரும் கேள்விப்படவில்லை. தலைவர் அதற்குள் விசில் ஊத ஆரம்பித்துவிட்டார். நீங்கள் மணலில் நின்றுவிட்டீர்கள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சரி புள்ள. வந்ததுக்கு ஒங்கண்ணனுக்குப் பச்ச மீனாவது வாங்கிட்டுப் போவோம்" என்றீர்கள்.

கரையில் ஒருவர் சாளை மீனைக் கூடையோடு கடலில் முக்கி எடுத்து, அப்படியே சொட்டச் சொட்டத் தராசில் கவிழ்த்தார். அவ்வளவுதான். உங்கள் வாய் தானாகத் திறந்துகொண்டது. கண்ணில் நீர் காயவில்லை, ஆனால் கை இடுப்புக்குப் போய்விட்டது.

"வத்துரட்ட கபன்ன மல்லி" என்றீர்கள். தண்ணிக்குக் கழி தம்பி என்று.

மீன்காரருக்கு முதலில் விளங்கவில்லை. நீங்கள் விடவில்லை. எங்கள் தோட்டத்தில் எது ஈரமாக வந்தாலும் தண்ணிக்குக் கழிப்பார்கள், கொழுந்துக்கு ஒரு நியாயம் மீனுக்கு ஒரு நியாயமா என்று சிங்களத்தில் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கடலில் பிடித்த மீனுக்கு ஈரக்கழிவு கேட்கிற ஆள் இந்த உலகத்தில் நம் லயத்தில் மட்டும்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன்.

அப்படி இல்லை என்று அந்த மனுஷன் சொன்னார். உங்களையே உற்றுப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கூடைக்காரரையும் கூப்பிட்டு உங்களைக் காட்டினார். "நீங்களும் தோட்டத்து ஆளா?" என்று சிங்களத்தில் கேட்டார். "எங்க ஊர்லயும் ஒருத்தி இப்பிடித்தான். கருவாடு போட மீன் வாங்க வருவா. தராசத் தொட்டாலே தண்ணிக்குக் கழின்னு நிப்பா. அவ சொந்தப் பேரு யாருக்குத் தெரியும்? நாங்க வத்துர நங்கின்னுதான் கூப்பிடுறோம்."

தண்ணித் தங்கச்சி. உங்கள் மகளுக்கு அந்த ஊர் வைத்த பெயர்.

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். வளையல் சதையில் அழுந்தியது. வீடு எங்கே என்று நான்தான் கேட்டேன். அவர் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் நீலக் கதவு ஒன்றைத் தாடையால் காட்டினார். நீங்கள் அசையவில்லை.

"நீ போய்ப் பாரு. நான் இங்க நிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோழி கூவ முன்னாடி எழும்பி, ஊரையே சரித்திரம் படிக்க வெச்சு, மூணு வெளிச்சவீடு சுத்தி வந்துட்டு, இப்ப நான் போகணுமா? நல்லா இருக்கே கத!"

"நான் சொன்ன சொல்லுக்கு அவ என் மூஞ்சியில கதவச் சாத்துனா?"

"சாத்துனா தட்டுங்க. கணக்கப்பிள்ளகிட்ட மட்டுந்தான் சண்ட போடத் தெரியுமா?"

முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தீர்கள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஹாரன் அடிக்கிறான். மலைப் பாதை, பனி இறங்குமுன் போக வேண்டும் என்று டிரைவர் முணுமுணுக்கிறான். தலைவர் தலை எண்ணுகிறார், ஒரு தலை குறைகிறது. அண்ணன் வாசற்படியில் நின்று என்னைக் கேட்டார்.

"எங்க ஒம் மதினி?"

எனக்குப் பொய் சொல்ல வரும், உங்களுக்குத் தெரியும். கக்கூஸ் போயிருக்கிறார் என்றோ கோயில் போயிருக்கிறார் என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அலைந்த அலைச்சலில் எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்போல் இருந்தது. "ஒங்க மகளப் பாக்கப் போயிருக்காங்க. போய்ச் சண்ட போடுறதுன்னா போடுங்க" என்றேன்.

அண்ணன் தென்னந்தோப்பைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பின் டயர்ல காத்து எறங்குன மாதிரி இருக்கு. எறங்கிப் பாரு."

டிரைவர் இறங்கி உதைத்துப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு."

"அந்தப் பக்கத்து டயரு."

அதையும் உதைத்தான். "ஒன்னும் இல்ல மாமா."

"ஸ்பேர் டயரையும் கழட்டிப் பாரு. மலப் பாத. புள்ளைங்க இருக்கு."

தலைவர் சத்தம் போட்டார். பின் சீட்டுக்காரர்கள் இறங்கி மறுபடி தப்படித்தார்கள். அண்ணன் படியில் உட்கார்ந்து, டிரைவர் ஸ்பேர் டயரை இறக்கி ஏற்றும்வரை அந்தத் தோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ட்ரிப்புக்கு ஏன் முதல் ஆளாக ஏறினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மீன்காரப் பையன் சொன்ன வெளிச்சவீட்டுக் கதை அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

நீங்கள் வந்தீர்கள். கண் இரண்டும் சிவந்திருந்தன. கையில் ஒரு பை கருவாடு. பின்னால், தோப்பு முடிகிற இடத்தில், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு அவள் நின்றாள். நானும் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். கையை உயர்த்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, "டயர் சரியாப் போச்சு, போவோம்" என்றார். உங்கள் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் முழுக்கக் கருவாட்டு வாடை. மேலே தூக்கிக் கட்டச் சொல்லி எத்தனை பேர் சொன்னார்கள்! தோட்டம் வரும்வரை அவர் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை.

பாதி வழியில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள். "கதவெல்லாம் தட்டல புள்ள. வாசல்லதான் கருவாடு பரப்பிக்கிட்டு இருந்தா. பின்னாடி போய் நின்னேன். என்னா பேசுறதுன்னு தெரியல. 'தண்ணிக்குக் கழிப்பியா'ன்னு கேட்டேன். அவ திரும்பல. தோளு மட்டும் ஆடுச்சு. அப்பறம் மீன் கையோட வந்து என் கழுத்தக் கட்டிக்கிட்டா."

அதற்குப் பிறகு உங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிக்னல் கிடைக்கிற அந்தப் பலா மரத்தடிதான் உங்கள் இருப்பிடம் ஆகிவிட்டது. சுகந்தியின் போன் அடித்தால் போதும், அண்ணன் விறகு பொறுக்கக் கிளம்பிவிடுவார். கேட்காத மாதிரி இருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்க இடமில்லாமல் போய், நாலு வீட்டுக்கு நீங்கள் கொடுத்தீர்கள். "ஒங்கண்ணன் இன்னிக்கு ரெண்டு கட்டு வெறகு பேசுனாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் இஸ்தோப்பில் நின்று சொன்ன அந்தச் சொல்லை அவர் திருப்பி எடுக்கவும் இல்லை, சுகந்தி வரவும் இல்லை. நாளைக்கு எடுப்பார், திருவிழாவுக்கு எடுப்பார், தீபாவளிக்கு எடுப்பார் என்று நீங்கள் காத்திருந்தீர்கள்.

மூச்சு முட்டுகிறது என்று ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் பெட்டியில் திரும்பி வந்தீர்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு நான்தான் சுகந்திக்குச் சொன்னேன். கதறினாள். உடனே கிளம்பி வா என்றேன். "அப்பா வாயால வான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க அத்த. சொன்னா இந்த நிமிஷம் பஸ் ஏறுறேன். சொல்லாம வந்து, அம்மா பொணத்துக்கு முன்னாடி என்னை வெளிய போன்னுட்டா நான் எங்க போவேன்?" என்றாள். போனை அண்ணனிடம் கொண்டுபோனேன். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, புள்ள லைன்ல இருக்கா, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன். வாயைத் திறந்தார், மதினி. சத்தியமாகத் திறந்தார். உதடு ஆடியது. சத்தம் வரவில்லை. முப்பது வருஷம் உங்களையே பேச விட்ட மனுஷனுக்கு, நீங்கள் படுத்துவிட்டதும் ஒரு சொல் அகப்படவில்லை.

கடைசியில் வீடியோ போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தேன். அவள் அங்கே கருவாட்டு வாசலில் உட்கார்ந்து உங்களைப் பார்த்து அழுதாள். கூட்டம் மறைத்தது. யாரோ பிடித்த குடை உங்கள் முகத்தை மூடியது. அண்ணன் எழுந்து அந்தக் குடையை விலக்கி, தானும் ஒதுங்கி நின்று, போனுக்கு வழி விட்டார். பெட்டியை மூடும்வரை அப்படியே நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்தது. நேற்று தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்த அண்ணன் என் வாசலில் நின்றார். "நாளன்னிக்கி நீ பெரட்டுக்குப் போகாத, வேல வேணாம்" என்றார்.

"ஏன், எங்க போறோம்?"

"அந்தக் கடைசி ஊருக்கு."

கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். "புள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம். அப்பா என்னா சொன்னாருன்னு அவ கேப்பா. நீ எதையாச்சும் சொல்லி வெச்சிருவ. நான் நேர்ல சொல்லிக்கிறேன்."

எப்படி இருக்கிறது பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, மதினி. இந்த மனுஷன் அங்கே போய் நீலக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு ஜன்னல் கொண்டி சரியில்லை, கிணற்றுக் கயிறு இற்றுவிட்டது என்று ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டால்? நாளைக்குப் போகிறது அரசாங்க பஸ். டயரைப் பார் என்றால் கண்டக்டர் பிடித்துத் தள்ளிவிடுவான். அவள் கேட்டது ஒரே ஒரு சொல். அதை நான் சொன்னால் செல்லாது. நீங்கள் சொல்லியிருந்தாலும் செல்லாது, அதனால்தான் நீங்கள் சொல்லாமலே காத்திருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

அதனால் நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். என் வாய்க்கு நாளை ஒருநாள் பூட்டு. மடுவத்தில் இன்றைக்கு உங்கள் வசனத்தைச் சொல்லிப் பார்த்து அவமானப்பட்டது போதும். உங்கள் குரலை நான் விடப் போவதில்லை, பத்திரமாக எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். ஆனால் அண்ணனுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, அவளுக்குக் கொண்டுபோகிற தூள் பையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மழை விட்டுவிட்டது. உலை கொதிக்கிறது. லயத்துச் சுவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறாயுசு என்பார்கள். உங்கள் காம்பராவில் அண்ணன் தூள் பொட்டலங்களைக் கட்டி முடித்துவிட்டார். கொஞ்ச நேரமாக அங்கே நடக்கிற சத்தம், நிற்கிற சத்தம், செருமுகிற சத்தம். யாரோடு பேசுகிறார் என்று சுவரில் காதை வைத்தேன்.

தனியாகத்தான் இருக்கிறார். "வா" என்கிறார். அப்புறம் நாலு எட்டு நடக்கிறார். கொஞ்சம் மெதுவாக, "வா புள்ள" என்கிறார். தொண்டையைச் சரி செய்துகொண்டு மறுபடியும், "வீட்டுக்கு வா."